குண்டு விழுந்ததும் வரேன்

இல்ல தம்பி, உடனே உள்ள போயிடாதீங்க, இப்படி உக்காருங்க. மெஷின் ரிப்பேர்னுதான் போன்ல சொன்னேன், ஆமா. ரிப்பேரும்தான். ஆனா முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க. எங்க வீட்டுக்காரர்கிட்ட போய் மாட்டிக்கிட்டா அவரு உங்களை விடமாட்டாரு.

ஏதாவது சத்தம் கேக்குதா? கேக்கல இல்ல? கண்ணாடிக்கு அடியில இரும்புக் குண்டை ஓடவிட்டு ஆடுற பின்பால் மெஷின்னா டங்கு டங்குன்னு வீடே அதிரணும். காலையிலேர்ந்து அது முன்னாடி நிக்கிறாரு மனுஷன், அதுல ஒரு தடவைகூட மணி அடிக்கல.

கீழ ரெண்டு குட்டிக் கை இருக்குமே, குண்டைத் தட்டி மேல அனுப்ப? ஃப்ளிப்பர்னு அவரு சொல்லுவாரு, எனக்கு அது கைதான். எல்லா மெஷின்லயும் அதுக்கு நடுவுல சந்து இருக்கும், குண்டு அது வழியா விழுந்துடும். இதுல மட்டும், ஒரு பொத்தான்ல குண்டு பட்டா ரெண்டு கையும் நகர்ந்து வந்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். சந்தே இருக்காது. திரும்ப விலகணும்னா குண்டு போய் வேற பொத்தானை அடிக்கணும். நீங்க பார்த்ததே இல்லையா? நல்லவேளை, என்கிட்ட சொன்னீங்க.

எனக்கு எல்லாம் மனப்பாடம். மீட்டர் பார்க்க வந்தவரைக்கூட நிக்க வெச்சு இந்தக் கதையைச் சொன்னாரு. ஆதியில இந்த மெஷினுக்குக் கையே கிடையாதாம், இடுப்பால பெட்டியை இடிச்சு இடிச்சுத்தான் குண்டைத் திருப்பணுமாம். அப்புறம் கை வந்துச்சாம். அறுபதுகள்ல எந்தப் புண்ணியவானோ ரெண்டையும் சேர்த்து வெச்சா என்னன்னு யோசிச்சானாம். ஆடுறவனுக்குக் கொண்டாட்டம், கடைக்காரனுக்குத் திண்டாட்டம். குண்டு விழலன்னா அடுத்தவன் எப்படி காசு போடுவான்? போதாததுக்கு அடியில அத்தனை கம்பி, அத்தனை ஸ்பிரிங்கு, எப்பப் பார்த்தாலும் மக்கர். கொஞ்ச வருஷத்துலயே செய்யறதை நிறுத்திட்டாங்களாம். அவங்களே வேணாம்னு விட்டதைத்தான், ஒரு விளையாட்டுக் கூடம் மூடினப்ப இவரு தூக்கிட்டு வந்து என் தையல் மெஷின் இருந்த இடத்துல வெச்சாரு. தையல் மெஷின் இப்ப பாத்ரூம் பக்கத்துல துருப்பிடிக்குது. அதை விடுங்க.

அன்னைக்கே நான் ஒரு சட்டம் போட்டேன். நான் கூப்பிட்டா, ஆடிக்கிட்டிருக்குற குண்டு விழுற வரைக்கும் பொறுத்துப்பேன். விழுந்ததும் மறுபேச்சு பேசாம வந்துடணும். சாப்பாட்டுக்கு, கல்யாணத்துக்கு, எங்க அண்ணன் சாவுக்குக்கூட, குண்டு விழுந்ததும் சட்டையை மாட்டிக்கிட்டு வந்து நின்னாரு. அதுல பொய் சொல்லக்கூடாது.

இன்னைக்கும் கூப்பிட்டேன். இந்தக் குண்டு விழட்டும், வரேன்னாரு. நான் புடவை மாத்திட்டு வந்து பார்த்தா, ரெண்டு கையும் ஒட்டிக்கிட்டு நிக்குது, குண்டு அது மேல சும்மா உக்காந்திருக்கு. தட்டுங்களேன்னேன். மெஷின் சிக்கிக்கிச்சும்மா, நான் என்ன பண்ணட்டும்ங்கிறாரு. முகத்தைப் பச்சைப்புள்ள மாதிரி வெச்சுக்கிட்டு! எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கண்ணாடியில சுத்தியலைப் போட்டிருப்பேன்.

அவரு பாத்ரூம் போனப்ப, மெஷின் முன்பக்கம் காசு போடுற இடத்துல இருக்குற காசுக் கதவைத் திறந்து டார்ச் அடிச்சுப் பார்த்தேன். ரெண்டு கையும் விலகாதபடி அடியில கம்பி போட்டுக் கட்டியிருக்கு தம்பி! துணிக்கொடி கட்டினதுல மிச்சம் கிடந்த துண்டு. சட்டத்தை மீற மாட்டாராம், குண்டை மட்டும் விழவிட மாட்டாராம். இந்த மனுஷனை என்ன சொல்றது?

பிளக்கைப் பிடுங்கினா கை விலகாதான்னு கேக்குறீங்களா? அதான் கட்டியிருக்கே. கம்பியை நானே வெட்டலாம். கத்தரிக்கோலும் எடுத்தேன், திரும்ப வெச்சுட்டேன். நான் வெட்டினா நான் அவரை இழுத்துட்டுப் போன மாதிரி ஆயிடும். நீங்க வந்து சரிபண்ணினா மெஷின் சரியாயிடுச்சு, அவ்வளவுதான். அவரு தலைகுனிய வேண்டாம்.

எந்தப் பை, அந்தக் கதவோரத்துல இருக்குறதா? ஊருக்கெல்லாம் இல்ல, ஆஸ்பத்திரிக்கு. அவருக்கு இதயத்துல அடைப்பு, நாளைக்கு ஆபரேஷன், இன்னைக்கே வந்து படுக்கச் சொல்லியிருக்காங்க. மக அங்க வாசல்லயே நின்னுக்கிட்டு போன் மேல போன் போடுறா. பயந்துட்டாரு, வேற ஒண்ணும் இல்ல. எனக்கு மட்டும் பயம் இல்லையா? நான் எந்தக் கம்பியை எடுத்து எதைக் கட்டுறது, சொல்லுங்க?

சரி, எந்திரிங்க. யாரு கட்டினதுன்னு மட்டும் கேட்டுடாதீங்க, அதுவா சிக்கியிருக்குன்னு சொல்லிடுங்க. காசுக் கதவு வழியாவே உங்க கை போகும், குண்டை அசைக்காம கம்பியை மட்டும் கழட்டிட்டு வந்துடுங்க.

கழட்டினாலும் மெஷினோட அந்த ரெண்டு கையும் தானா விலகாது தம்பி. விலகுற பொத்தானை அவரேதான் குண்டால அடிக்கணும். அது எங்க இருக்குன்னு அவருக்குத் தெரியும். எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்ல, நான் பையை எடுத்துக்கிட்டு இங்கயே நிக்கிறேன்.