ஒத்திகை பார்த்த சண்டை

– “இந்த வீட்டுல எத்தனை அடுப்பு எரியுது?” அவ்வளவுதானே அக்கா, ஃபிளாட்டு குடுக்கக் கணக்கெடுக்க வந்த ஆபீசர் அன்னிக்கு உங்ககிட்ட கேட்டாரு? அதுக்கு ஒரு பொய் சொல்ல வாய் வரலையா?

– ஒண்ணுதானே எரிஞ்சுச்சு, பிரிஜட். முட்டி வரைக்கும் வெள்ளம். மேஜை மேல ஒரு அடுப்பை ஏத்தி மொத்தப் பேருக்கும் கஞ்சி காய்ச்சிக்கிட்டு நின்னேன். அவரும் ஒரு கிண்ணம் வாங்கிக் குடிச்சாரு.

– ஆமா, கஞ்சியையும் குடுத்து வீட்டையும் விட்டுக் குடுத்தீங்க. வெள்ளம் இல்லாத நாள்ல ரெண்டு எரியும்னு சொல்லியிருக்கலாம்லா.

– அதுவும் எரியாதே.

– அய்யய்ய! உங்களுக்கு ஞானஸ்நானம் குடுத்த சாமியார் தண்ணியக் கொஞ்சம் கூடுதலா ஊத்திட்டாரு போல. ஹனீபா அண்ணன் வீட்டைப் பாருங்க. அண்ணன் ஒரு அடுப்பு, தம்பி ஒரு அடுப்புன்னு காட்டினாங்க. ரெண்டு ஃபிளாட்டு கிடைச்சிருச்சு. நமக்கு ஒண்ணே ஒண்ணு. அதுவும் பூன் லேயில.

– பூன் லே நல்ல ஊருன்னு அந்த ஆபீசர் தம்பி சொன்னாரே. உன் வீட்டுக்காரருக்கும் ஜூரோங்குல வேலை. நடந்தே போயிடலாமாம்.

– ஊரு நல்ல ஊருதான். எண்ணிக்கைதான் சரியில்ல. இந்தக் கம்பத்து வீடுங்களை எல்லாம் இடிச்சுக் கால்வாயை அகலமாக்கப் போறாங்க. நம்ம பையன் அலெக்ஸ் பட்டாளத்துல நேஷனல் சர்வீஸ் முடிச்சு வந்து, ஒருத்தியக் கட்டினா எங்க படுப்பான்? உங்க பேருல இன்னொரு வீடு இருந்தா அவன் அங்க உங்ககூட இருப்பான். நான் பக்கத்து பிளாக்குல இருப்பேன்.

– அப்ப அந்த வீட்டுலயும் நான்தான் பொங்கணும்?

– உங்க இஷ்டம் அக்கா. நான் சொல்ல வந்தது அது இல்ல. நேத்து ஆபீசுக்கே போய்ச் சொல்லிட்டு வந்தேன். எங்க மூத்தார் ஜார்ஜ் செத்ததுல இருந்து என் ஓரகத்தி அல்போன்சம்மாளுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தையே இல்ல, அவங்க தனியாத்தான் ஆக்கித் திங்கிறாங்கன்னு.

– மாதாவே! உன் வீட்டுச் சோத்துப் பானையக் கழுவுறதே நான்தானேம்மா.

– அதெல்லாம் இன்னிக்கு மறந்துடணும். ஆபீசர் திரும்ப வர்றாரு. அந்த மூலையில ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு வச்சிருக்கேன் பாத்தீங்களா? அது உங்க அடுப்பு. இது என் அடுப்பு. அவர் வந்ததும் நாம சண்டை போடணும்.

– எனக்குச் சண்டை வராது, பிரிஜட்.

– வர வைக்கிறேன். நான், “என் மீனத் தூக்கிட்டீங்க”ன்னு கத்துவேன். நீங்க, “உன் மீன் யாருக்கு வேணும், உப்பே இல்ல”ன்னு சொல்லணும். எங்க, சொல்லுங்க பாப்போம்.

– உப்பு இல்லாட்டியும் அது நான் வச்ச குழம்புதானே?

– அக்கா!

– சரி, சரி. உன் மீன் யாருக்கு வேணும். உப்பே இல்ல. போதுமா?

– பூசையில “ஆமென்” சொல்ற மாதிரி இருக்கு. கொஞ்சம் கோபம் வேணும்லா. கையை இடுப்புல வைங்க. தேக்கா மார்க்கெட்டுல அந்த நண்டுக்காரி வைப்பா பாருங்க, அந்த மாதிரி.

– இப்படியா?

– பிரசவ வலி கண்ட மாதிரி இருக்கு. பரவாயில்ல, கார் சத்தம் கேக்குது. ஆரம்பிக்கலாம். என் மீன் எங்க? தட்டுல வச்சிருந்த என் மீன் எங்கன்னு கேக்குறேன்! வாங்க சார், வாங்க. நல்ல நேரத்துல வந்தீங்க. இதத்தான் நேத்து சொன்னேன்.

– வணக்கம்மா. துரைசாமி. போன டிசம்பர் வெள்ளத்துல வந்திருந்தேன். கஞ்சி கூடக் குடிச்சேன், ஞாபகம் இருக்கா? ஓ, இன்னிக்கு இங்கயும் சண்டையா? இந்த வரிசையில இது மூணாவது வீடு. முன்னால ஒரு வீட்டுல மூடியெல்லாம் பறந்துச்சு. நான் குடையப் பிடிச்சுக்கிட்டுத்தான் கணக்கெடுத்தேன்.

– எங்க சண்டை அப்படி இல்ல சார். இது வருசக்கணக்குச் சண்டை. சொல்லுங்க அக்கா.

– உன் மீன்ல உப்பு யாருக்கு வேணும்?

– மாத்திச் சொல்றீங்க அக்கா! அதாவது சார், கோபத்துல அவங்களுக்கு வார்த்தை வராது.

– அல்போன்சம்மா, நீங்க உக்காருங்க. உங்ககிட்டதான் கேக்கணும். இவங்க உங்களைத் தனியா வச்சிருக்காங்களா? என்ன குறை? பயப்படாம சொல்லுங்க.

– குறைன்னு... என்ன சொல்றது தம்பி. இருக்கட்டும்.

– இருக்கட்டும்னு சொன்னா எப்படி அக்கா? நல்லா சொல்லுங்க. சார் கேக்குறாருல்ல. வாயைத் திறந்து என்னைத் திட்டுங்க!

– திட்டவா?

– திட்டுங்கங்கிறேன்!

– ரேடியோவுல நாடகம் போடுவாங்கல்ல தம்பி. ஆரம்பத்துல இருந்து கேட்டுக்கிட்டே வருவேன். முடியப் போற நேரத்துல யாராவது ஒருத்தர் வந்து டிவியப் போட்டுடுவாங்க. இந்த வீட்டுக்கு வந்ததுல இருந்து ஒரு நாடகத்தோட முடிவும் எனக்குத் தெரியாது.

– அய்யோ அக்கா, இதெல்லாம் ஒரு குறையா! மீனையே சொல்லுங்க.

– அந்த நாடகத்துல ஒரு பொண்ணைக் கட்டிக்கிறேன்னு ஒருத்தன் சொன்னான். கட்டினானா இல்லையான்னு எத்தனை நாள் யோசிச்சிருக்கேன் தெரியுமா?

– சிரிக்காதீங்க சார். அக்கா, வேற.

– வேறயா? அந்த வெள்ளத்தன்னிக்கு. தண்ணி ஏற ஏற எல்லாத்தையும் மேல தூக்கினோம். டிவி, அரிசி, அலெக்சோட கித்தார். எங்க வீட்டுக்காரரோட போட்டோ தாழச் சுவத்துல மாட்டியிருந்துச்சு. எங்கிட்ட இருந்த ஒரே போட்டோ தம்பி அது, பினாங்குல எடுத்தது. யாரும் அதத் தொடல. ஊறி, மூஞ்சி பூராக் கரைஞ்சு போச்சு.

– அக்கா, இது... இது நாம பேசி வச்சதுல இல்லையே.

– நீ எடுத்திருக்கலாமேன்னு கேப்பீங்க. எடுக்க முடியல தம்பி. நான் பாத்துக்கிட்டேதான் நின்னேன். எங்கையில பிரிஜட்டோட தையல் மெஷின் இருந்துச்சு. “கீழ விட்டுடாதீங்க அக்கா, கீழ விட்டுடாதீங்க”ன்னு கத்திக்கிட்டு இருந்தா.

– நீங்க சொல்லவே இல்லையே அக்கா. அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மெஷினைப் போட்டுட்டு ஓடியிருப்பேனே.

– நீதானே திட்டச் சொன்ன, பிரிஜட்.

– சரிம்மா. காலையில இருந்து பாத்ததுல நம்புற மாதிரி இருந்தது இந்தச் சண்டைதான். ரெண்டு குடும்பம்னே எழுதிக்கலாம்.

– அப்ப... ரெண்டாவதும் பூன் லேயில மூணு ரூம் தானே சார்? பக்கத்து பிளாக்கு?

– தனி ஆளுக்கு மூணு ரூமா? அதுக்கு ரூல்ஸ் இல்லம்மா. வயசானவங்க ரெண்டு பேர் சேர்ந்து பதிஞ்சா ஒரு ரூம் வாடகை வீடு கிடைக்கும். பெண்டமீர் ரோட்டுப் பக்கம். ஏழாவது மாடி. வெள்ளம் அங்க ஏறணும்னா நோவா கப்பல்தான் வரணும்.

– பெண்டமீர் ரோடா? அது எங்க, பூன் லே எங்க! சிங்கப்பூரோட அந்தக் கோடியில்ல?

– லூர்து மாதா கோயிலுக்குக் கிட்ட இருக்குமே தம்பி, அந்தப் பக்கம்.

– ஆமாம்மா, பஸ்ல கொஞ்ச நேரந்தான். ஜோடி சேரவும் ஆள் இருக்காங்க. ஆத்தங்கரைப் பக்கத்து வீட்டுப் பூவம்மா, அவங்களும் தனியாள்தான். வீட்டைக் காட்டக் கூட்டிட்டுப் போறேன், கார்ல உக்காந்திருக்காங்க. நீங்களும் வந்து பாருங்களேன். பிடிக்கலைன்னா திரும்பக் கொண்டாந்து விட்டுடறேன்.

– பூவம்மாவா? சார், அவங்க விடுற குறட்டையில எங்க வீட்டுக் கோழி முட்டை போடாது! அக்கா, அவங்க வெத்தலைய மென்னு மென்னு துப்புவாங்க. மாரியம்மன் படத்துக்குப் பக்கத்துல உங்க மாதா சுரூபத்த எங்க வைப்பீங்க?

– ஒரு ரூம்னாலும் நாலு சுவர் இருக்கும்மா.

– நீங்க சும்மா இருங்க சார். நான் உள்ளதச் சொல்லிடறேன். எல்லாம் நடிப்பு சார். அந்த அடுப்பு காலையில இரவல் வாங்கிட்டு வந்தது. திரியைத் தொட்டுப் பாருங்க, எண்ணெயே இன்னும் ஊத்தல. ரெண்டாவது வீட்டுக்கு ஆசைப்பட்டு நான்தான் சொல்லிக் குடுத்தேன். நாங்க ஒரே குடும்பம், ஒரு வீடே போதும்.

– அது எனக்கு உள்ள நுழையும்போதே தெரியும்மா. உப்பும் மீனும் மாறினப்பவே தெரியும்.

– அப்புறம் என்ன சார்? பழையபடி எழுதிடுங்க. எனக்கு அம்மா கிடையாது சார். அலெக்ஸ் பொறந்தப்ப என்னைக் குளிப்பாட்டி விட்டதே இவங்கதான். இவங்க இல்லாம எனக்குக் காலையில எந்திரிக்கக் கூடத் தெரியாது. போட்டோ போனது என் தப்புதான் அக்கா. இனிமே நாடகம் முடியற வரைக்கும் டிவியை யாரும் தொட மாட்டாங்க, நான் பாத்துக்கிறேன்.

– நீங்க சொன்னதை எழுதிக்கிறேன். ஆனா அவங்க வாயால கேக்கணும் நான். அல்போன்சம்மா, இவங்க நடிச்சாங்க, சரி. நீங்க?

– சொல்லுங்க அக்கா. நடிப்புன்னு ஒரே ஒரு வார்த்தை. காலையில இருந்து சொல்லிக் குடுத்தேனே, அதுல பாதி கூட இல்ல இது. தலையாவது ஆட்டுங்க... எதுக்கு எந்திரிக்கிறீங்க? சேலையை ஏன் தூக்கிச் செருகுறீங்க? வெளியில சேறு அக்கா, வழுக்கும், பாத்து... என்ன சார் இவங்க, நேரா உங்க கார்கிட்ட போறாங்க... அய்யோ, பூவம்மா நகந்து இடம் விடுது சார்!