கண்ணாடிப் பெட்டியில் பஞ்சாலை

கோப்பி நன்றாக இருக்கிறது, ஐயா. சீனி கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை. மேஜையில் நீங்கள் வைத்திருக்கும் இரண்டு படங்களும் நான் எடுத்தவைதான். ஒன்று என் ஸ்டூடியோ வாசலில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. மற்றது நீங்கள் ஆளனுப்பிக் கூப்பிட்டு, இதே போலீஸ் ஸ்டேஷன் பின்கட்டில் எடுத்த பிணத்தின் படம். இரண்டும் ஒரே ஆள்தானா என்று கேட்கிறீர்கள். ஆமாம். மறைத்து மறைத்து எனக்கும் சலித்துவிட்டது.

காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டதும், ஆளாளுக்கு அடையாளக் கார்டு என்றார்கள். பகாவ் டவுனைச் சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களில் அதற்குப் படம் எடுத்தது பெரும்பாலும் நான்தான். ஆபீஸ் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, பால்வெட்டுக்காரர்களை ஒவ்வொருவராக உட்கார வைப்பேன். பேசிச் சிரித்துக்கொண்டு வருபவன், ஸ்டூலில் உட்கார்ந்ததும் கல்லுப் பிள்ளையார் ஆகிவிடுவான். இத்தனை பேரை எடுத்தும் ஒரு முகத்தைக்கூடப் பார்க்கவில்லையே என்று எனக்கு வெறுத்துப்போனது.

அதனால்தான் பாசாருக்கு, அந்தச் சந்தைக் கடைகள் பக்கம் போக ஆரம்பித்தேன். தோட்டத்தில் பேர் வெட்டப்பட்டு வேலை போனவர்கள் அங்கே அஞ்சடி நடைபாதையில், கடைகளுக்கு முன்னால் சாக்கு விரித்துப் படுத்திருப்பார்கள். இவர்களாவது இயல்பாக இருப்பார்கள் என்று நினைத்தேன். எங்கே? கேமராவைத் தூக்கினால் போதும், மாயாண்டிக் கிழவன் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு விறைப்பாக நிற்பான்.

ஒருநாள் உங்கள் ஆட்கள் கார்டு சோதனைக்கு வந்தார்கள். மாயாண்டி மடியைத் தடவினான், கார்டு இல்லை. அது சாக்குக்கு அடியில்தான் கிடந்தது, பிறகு எடுத்துக் காட்டிவிட்டான். ஆனால் தேடிய அந்தக் கொஞ்ச நேரம், பக்கத்தில் நான் நிற்பதையே அவன் மறந்துபோனான். கார்டு இல்லாதவனைக் கேம்பில் அடைத்துப் போடுவார்கள், ஊருக்கே கப்பலேற்றிவிடுவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். கார்டைத் தேடும்போது எவனும் முகத்தைத் திருத்திக்கொள்வதில்லை. நான் தேடிக்கொண்டிருந்த முகம் அது.

அதற்குப் பிறகு கார்டை நானே எடுத்து வைக்க ஆரம்பித்தேன். தூங்கும்போது எடுப்பேன். விழித்துத் தேடும்போது படம் பிடிப்பேன். பிறகு, இந்தா இங்கே கிடக்குது பார் என்று கொடுத்துவிட்டு, ரொட்டியும் தேத்தண்ணியும் வாங்கித் தருவேன். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்களும் உண்டு. யாருக்கும் ஒரு குறையும் வந்ததில்லை.

பஞ்சாலையும் அந்த அஞ்சடியில் இருந்தவள்தான். புருஷன் செத்ததும் தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பாசாரில் கீரை ஆய்ந்து கொடுத்துப் பிழைத்தாள். மகள் நீலாவதி மட்டும் மருமகனோடு தோட்டத்துக்குள் இருந்தாள். தோட்டத்தைச் சுற்றி முள்வேலி, கேட்டில் காவல். கார்டைக் காட்டினால்தான் பஞ்சாலை உள்ளே போய் மகளைப் பார்க்க முடியும். மகளுக்கு நிறைமாதம். பிரசவத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், அவளுக்கு வேறு பேச்சே கிடையாது.

ஒரு மத்தியானம் அவள் கண்ணயர்ந்திருந்தபோது சுருக்குப்பையிலிருந்து கார்டை எடுத்தேன். அவள் எழுந்து தேட ஆரம்பித்த நேரம் பார்த்து வானம் மூடிக்கொண்டது. அந்த மங்கலில் எடுத்தால் படம் வீண். நாளைக்கு வெயில் வரட்டும் என்று கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் அவளே ஸ்டூடியோ வாசலில் வந்து நின்றாள். ராத்திரி முழுக்கத் தேடியிருக்கிறாள், கண்ணெல்லாம் வீங்கிக் கிடந்தது.

“தம்பி, நீலாவுக்கு வலி கண்டுருச்சின்னு லோரிக்காரன் சொல்லிட்டுப் போறான். கேட்டு வரைக்கும் போய்ட்டு வந்துட்டேன், கார்டு இல்லாம விடமாட்டேங்கிறான். நீங்கதானே அன்னைக்குப் படம் புடிச்சீங்க? இன்னொன்னு போட்டுக் குடுங்க தம்பி.”

“அதெல்லாம் ஆபீஸ்ல எழுதிக் கேக்கணும்மா. நல்லாத் தேடுங்க, பையிலதான் இருக்கும்.”

சுருக்குப்பையை வாசற்படியில் கவிழ்த்தாள். வெற்றிலை, ஊக்கு, பிள்ளைக்கு வாங்கிய கருவளையல். அவற்றை விரலால் விலக்கி விலக்கிப் பார்த்தாள். பக்கத்திலிருந்து நல்ல வெயில் விழுந்தது. நான் எடுத்தேன். ஒரு தடவைகூட அவள் கேமராவைப் பார்க்கவில்லை.

அப்போதே கொடுத்திருக்கலாமே என்கிறீர்கள். கொடுத்திருந்தால் முகம் மாறியிருக்கும், ரோலில் இன்னும் இடம் இருந்தது. அது முடிந்ததும் கழுவிப் பார்க்க இருட்டறைக்குள் போனேன். சாயங்காலம் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அவள் காத்திருக்கவில்லை.

மீதி உங்களுக்குத் தெரியும். மகளுக்குப் பூண்டும் அரிசியும் கருப்பட்டியும் மூட்டை கட்டிக்கொண்டு, ரப்பர் மரங்களுக்குள் சுற்றிப் போய் லயத்துக்குப் பின்னால் வேலிக்கடியில் நுழைந்திருக்கிறாள். ஊரடங்கு நேரம். காவலில் இருந்தவர்கள் சுட்டுவிட்டார்கள்.

காலையில் என்னைக் கூப்பிட்டீர்கள். காட்டில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு கடத்தியவள், கார்டு இல்லை, பேர் தெரியவில்லை என்றார் உங்கள் சார்ஜன்ட். கார்டு என் பையில்தான் இருந்தது. கன்னத்துச் சேற்றைத் துடைத்து, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்து எடுத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. பேரில்லாமலேயே புதைத்தீர்கள். வீட்டுக்குப் போய்க் கார்டை அடுப்பில் போட்டேன். எடுத்தவன் நான், எரித்தவனும் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

பிறகு நீலாவதி கைப்பிள்ளையோடு தாயைத் தேடி பாசாருக்கு வந்தாள். கண்ணாடிப் பெட்டியைப் பார்த்து நின்றுவிட்டாள்.

“அண்ணே, இது எங்கம்மா. எங்க இருக்காங்க?”

“தெரியலம்மா. வேற ஊருக்குப் போயிருப்பாங்க.”

“என்னத்தண்ணே இப்படித் தேடுறாங்க?”

அதுவும் தெரியாது என்றேன். காசு வாங்காமல் படத்தைக் கழற்றிக் கொடுத்தேன். அதைத்தான் உங்களிடம் கொண்டுவந்திருக்கிறாள். போகும்போது அவளுக்கு ஒரு சந்தேகம். அம்மா முகம் இப்படி இருக்காதே, நான் பென்சிலால் ஏதாவது திருத்திவிட்டேனா என்று கேட்டாள். இல்லையம்மா, இதில் எதையும் நான் மாற்றவில்லை, உங்கள் அம்மா இருந்தபடியே இருக்கிறார் என்றேன். அது ஒன்றிலாவது அந்தப் பெண்ணிடம் நான் பொய் சொல்லவில்லை, ஐயா.