இடது கன்னத்துச் சிவப்பு

பகல் பன்னிரண்டரை மணி. சோழவந்தானைத் தாண்டி மதுரைக்கு வருகிற வழியில், வீடுகள் முடிந்து வயல் தொடங்குகிற இடம்... முன்னாலும் ஆள் இல்லை, பின்னாலும் ஆள் இல்லை. பெனடிக்ட் டூவீலரில் வந்துகொண்டிருக்கிறான்.

சிரிக்காதீர்கள். இந்த மாதிரிக் கதைக்கு ராத்திரிதான் வேண்டும் என்று யார் சொன்னது? உச்சி வேளையும் செத்தவர்களுக்கு உரியதுதான். விடியற்காலை முகூர்த்தம்; இந்த மண்டபத்து மாடியில் நமக்குத் தூக்கம் வரப்போவதில்லை. கேமரா பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு கேளுங்கள். பெனடிக்ட் வேறு யாரும் இல்லை, இதோ உட்கார்ந்திருக்கிறானே ஜூடு, இவனுடைய அக்காள் புருஷன். பொய் சொன்னால் ஜூடு மறுக்கட்டும். சூரியபிரகாஷ், நீ அந்தச் சுவரோரமாகவே இரு. மாசமாக இருக்கிற பொண்டாட்டியை நினைத்துக் கவலைப்படாதே, விடிந்ததும் போய்விடலாம். அந்தச் செல்போன் லைட் எரியட்டும்.

பெனடிக்ட் கேமரா தொடுகிறவன் இல்லை. தல்லாகுளத்தில் ஒரு மாடி அறையில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கல்யாணப் படங்களைத் திருத்துகிறவன். பச்சைப் பந்தல் போட்டால் மாப்பிள்ளை முகம் பச்சையாக விழும். நீலத் தார்ப்பாய் கட்டினால் பொண்ணு நீலமாக நிற்பாள். படத்தில் வெள்ளை எது என்று காட்டினால் போதும். மாப்பிள்ளை வேட்டியின் மேல் மவுஸால் ஒரு தட்டு தட்டுவான், மொத்த நிறமும் ஒழுங்குக்கு வந்துவிடும். சூரியபிரகாஷுக்குத் தெரியும், அவனும் இதே வேலைதான். ஒரு நிறம் சும்மா வந்து முகத்தில் ஒட்டாது. பக்கத்தில் எது நிற்கிறதோ, அதன் நிறம்தான் விழும்.

அந்த மாசம் பெனடிக்ட் பாதிப் பிணம். வரிசையாக முகூர்த்தம். வீட்டிலோ, ஒன்பது வருஷம் நேர்ச்சை நேர்ந்து பிறந்த பெண் குழந்தை. ராத்திரி முழுக்கக் கத்தும். தோளில் போட்டு நடந்துவிட்டு, காலையில் கண் எரிய எரிய வந்து உட்காருவான். சலித்துக்கொண்டதே இல்லை. அவனுக்கு அவள்தான் உசுர்.

அப்போதுதான் சோழவந்தான் பக்கத்துக் கல்யாண வரவேற்புப் படங்கள் வந்தன. பொண்ணு தாமரைச்செல்விக்குச் சந்தன நிறப் பட்டு. மேடை முழுக்க வெள்ளைப் பூ. வேட்டியைத் தட்டினான்... எல்லாம் சுத்தம். பொண்ணின் இடது கன்னம் மட்டும் சிவப்பு.

மாப்பிள்ளை நிற்பது அவளுக்கு வலது பக்கம். இடது பக்கம் யாரும் இல்லை, வெறும் மேடை. முதல் படத்துக்குப் போனான். அதில் மாப்பிள்ளை தனியாக நிற்கிறான். வெள்ளைச் சட்டையின் கையில் சிவப்பு. பொண்ணு மேடையேறியதும் சட்டை சுத்தமாகிவிட்டது. சிவப்பு அவள் பக்கம் போய்விட்டது. படத்துக்குப் படம் அழுத்தம் கூடியது. ஒரு துணி கிட்டே வர வர அப்படித்தான் கூடும்.

யோசிக்க அவனிடம் தெம்பு இல்லை. படம் படமாகத் தேய்த்து எடுத்தான். ஒரு நாள் காலையில் கடைசிப் படம். சிவப்பு போன அந்த நொடி, அறைக்குள் ஒரு வாசம்... தலைமுடி கருகுகிற வாசம். சுவிட்ச் போர்டைத் தொட்டுப் பார்த்தான். சூடு இல்லை. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு, அச்சுக்குக் கொடுக்கும் முன் மாப்பிள்ளை வீட்டில் காட்டிவிட்டு வரலாம் என்று கிளம்பினான்.

அந்த வீட்டுக் கூடத்தில் மாலை போட்ட ஒரு படம். சின்ன வயசுப் பெண், அரக்குச் சிவப்பில் கூறைப்புடவை. அவன் பார்ப்பதை மாப்பிள்ளையின் அம்மா கவனித்தாள்.

"மொதச் சம்சாரம் தம்பி. பிரசவத்துல போயிட்டா... புள்ளையும் தங்கல. இந்தப் பட்டைக் கட்டித்தேன் தீ வச்சோம்."

பட்டு எரிந்தால் எப்படி நாறும் என்று உங்களுக்குத் தெரியுமா? முடி கருகுகிற மாதிரியே நாறும்.

வழியனுப்புகிற சாக்கில் தாமரைச்செல்வி வாசல்வரை வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அண்ணே, கல்யாணத்தன்னைக்கிலருந்து இந்த எடது கன்னம் அம்புட்டு எரிச்சல். இன்னைக்குக் காலைல சட்டுனு நின்னுருச்சு. நீங்க ஏதும் பண்ணீங்களா?"

"படத்தைத்தேம்மா சரி பண்ணேன்" என்றான். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். அவன் வண்டியைக் கிளப்பினான்.

அந்த ரோட்டுக்கு இப்போது வருவோம். பன்னிரண்டரை மணி. இடது பக்கக் கண்ணாடியைத் தற்செயலாகப் பார்த்தான்... கன்னம் சிவப்பு. ரோட்டின் இரண்டு பக்கமும் நெல். ஏதாவது நிறம் விழுந்தால் பச்சைதான் விழ வேண்டும். வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தான். காற்று இல்லை. காதுக்குப் பக்கத்தில்... சரக்... சரக்... புதுப் பட்டு உரசுகிற சத்தம். அதே கருகல் வாசம்.

ஆனையூர் வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தான் என்று அவனுக்கே நினைவில்லை. கதவைத் திறந்த ஆன்மேரி கேட்டாள்: "என்னங்க, கன்னத்துல என்ன செவப்பு?" சோப்புப் போட்டுக் கழுவினான். போகவில்லை. வெள்ளைத் துண்டைக் கன்னத்தருகே பிடித்தான்... துண்டும் சிவந்தது. தோலில் ஒன்றும் இல்லை.

குழந்தை இருக்கிற அறைக்குள் போகக் கூடாது என்று அவன் புத்தி சொன்னது. ஆனால் எத்தனையோ நாள் தூக்கம் அவனை அமுக்கியது. ஒரு நிமிஷம் என்று பாயில் சாய்ந்தான், பிள்ளையின் காலடியில்.

விழித்தபோது கன்னம் சுத்தமாக இருந்தது. வீடு அமைதியாக இருந்தது. ஓயாமல் அழுகிற குழந்தை அழவில்லை. வலது பக்கம் ஆன்மேரி படுத்துக்கொண்டு பால் கொடுக்கப் பார்க்கிறாள்; பிள்ளை திரும்பவில்லை. இடது பக்கம், யாரும் இல்லாத பக்கம் பார்த்துச் சிரிக்கிறது. அதன் இடது கன்னம் சிவந்து கிடந்தது. அந்த அழுத்தத்துக்குத் துணி ஒரு சாண் தூரத்தில் இருக்க வேண்டும். அவனுக்குத் தெரியாதா?

அன்றிலிருந்து தாய்ப்பாலைத் தொடவில்லை அந்தப் பிள்ளை. புட்டிப் பாலும் அரைகுறைதான். சாமியார் வந்து ஜெபம் சொல்லித் தண்ணீர் தெளித்தார். டாக்டர் தோலைப் பார்த்து மருந்து எழுதினார். சிவப்பு அங்கேயே இருந்தது, பிள்ளை துரும்பாகிக்கொண்டே வந்தது. பெனடிக்டுக்கு ஒரு வழி தெரியும். பிள்ளையைப் படம் எடுத்து, அந்தச் சிவப்பை நீக்கிவிட வேண்டும். ஆனால் நீக்குகிறவன் கூடவே அது அவன் வீட்டுக்கு வரும். அவன் வீடு அதே வீடுதானே! வேறு கை வேண்டும்... வேறு வீடு வேண்டும்.

இது நடந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. நேற்று பிள்ளையைப் படம் எடுத்து, அதை யாரிடமோ கொடுக்கச் சொல்லி ஜூடுவிடம் அனுப்பியிருக்கிறான். "சின்னச் செவப்பு மாப்ள, எடுத்து விட்டுரு" என்று மட்டும் சொல்லச் சொன்னானாம். இன்றைக்குச் சாயங்காலம் ஆன்மேரியிடமிருந்து போன். பிள்ளை வயிறு நிறையப் பால் குடித்துவிட்டுத் தூங்குகிறதாம். ஜூடு விம்மி விம்மி அழுதான். இந்தக் கதையை அவன் சொன்னதே அப்போதுதான்.

படத்தை யாரிடம் கொடுத்தாய் என்று கேட்டேன். தலையைத் தொங்கப் போட்டான். இப்போதும் அப்படியேதான் இருக்கிறான், பாருங்கள்.

சூரியபிரகாஷ்... அது வெள்ளை லைட்தானே? சுவரும் வெள்ளைதான். உன் இடது பக்கம் நாங்கள் யாரும் இல்லை.

எழுந்திருக்காதே. விடிந்தாலும் நீ வீட்டுக்குப் போகாதே.