கமலாவின் ஒப்பிலக்கிய வகுப்பு

அவைத் தலைவர் முனைவர் இராமசாமி அவர்களே, மறைந்த முனைவர் கமலா கதிரேசனின் தங்கை லட்சுமி அவர்களே, ஞாயிற்றுக்கிழமைத் தேக்காச் சந்தைக் கூட்டத்தில் முண்டியடித்து இந்த மண்டபத்துக்கு வந்து சேர்ந்திருக்கும் நண்பர்களே, மாணவர்களே! அனைவருக்கும் வணக்கம்.

நான் தமிழ்த் துறைக்காரன். எனக்கு அடுத்த அறை கமலாவுடையது. அவரைத் தெய்வம் என்று சொல்ல நான் எழவில்லை. பிடிவாதக்காரர். துறைக் கூட்டங்களில் என்னை ஒருநாளும் முழுதாகப் பேச விட்டதில்லை. இதைச் சொல்லாமல் புகழ்ந்தால் அவருக்கே பிடிக்காது.

ஒப்பிலக்கியம்! இளங்கலையில் அதையே முதன்மைப் பாடமாகப் படிக்க இந்த ஊரில் யார் வருவார்கள்? பல்கலைக்கழகத்தின் அறிமுக நாளன்று, தெம்பனிஸ் வட்டாரத்திலிருந்து மகளோடு வந்த ஓர் அம்மா கமலாவிடம் நேராகவே கேட்டுவிட்டார்: "இது படிச்சா என்ன வேலை கிடைக்கும், டாக்டர்?"

"தெரியாது லா. ஆனா ஒரே விஷயத்த ரெண்டு பேர் ரெண்டு விதமா சொன்னா, யார் எத மறைக்கிறாங்கன்னு உங்க பொண்ணு கண்டுபிடிச்சிடுவா," என்றார் கமலா.

அந்தப் பெண் சேர்ந்தார். பெயர் ரோஷினி. இதோ முன்வரிசையில் இருக்கிறார்.

கமலாவின் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஒப்பிடுவதற்கு முன் இரண்டு படைப்பையும் மூலமொழியிலேயே வாய்விட்டு வாசிக்க வேண்டும். புரியாதவர்களும் உட்கார்ந்து கேட்க வேண்டும். ஆங்கில மொழிபெயர்ப்பு அதன் பிறகுதான் கைக்கு வரும். எத்தனை புகார்கள்! அசைந்தாரா? இல்லை.

அங்கே வந்து சேர்ந்தவர்தான் ரிஸ்வான். மார்சிலிங் வட்டாரத்தில் வளர்ந்தவர், வீட்டில் தமிழ், வெளியே மலாய். இறுதியாண்டு ஆய்வேட்டுக்கு ஒரு மலாய்க் கவிதையையும் ஒரு தமிழ்க் கவிதையையும் எடுத்துக்கொண்டார். மழை, படகு, கரையில் ஒரு பெண், எல்லாம் அச்சாக ஒன்றுபோல. கடலோர மக்களின் பொது மனம் என்று ஓர் அத்தியாயமே எழுதிவிட்டார். பிறகுதான் தெரிந்தது, தமிழ்க் கவிதை அந்த மலாய்க் கவிதையின் மொழிபெயர்ப்பு! எழுதியவர் மூலத்தைச் சொல்லாமல் விட்டிருக்கிறார். ஒப்பிலக்கிய மாணவர் மட்டுமே விழக்கூடிய குழி அது.

ரிஸ்வான் படிப்பையே விடுவதாகச் சொன்னார். கமலா சிரித்து ஓய்ந்துவிட்டு, "ஒத்துமைய விடு. எங்க மாறுதுன்னு பாரு," என்றார். பார்த்தார்கள். மலாயில் அந்தப் பெண் கடைசியில் படகேறிப் போய்விடுகிறாள். தமிழில் எழுதியவர் அவளைக் கரையிலேயே நிறுத்திவிட்டார். ஏன் நிறுத்தினார்? ஆய்வேடு அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கியது.

அது பாதியில் நிற்கிறது. போன மாதம் கமலா மாரடைப்பில் போய்விட்டார். இரண்டு மொழியும் படித்த வழிகாட்டி வேறு இல்லை. ஆங்கில மொழிபெயர்ப்பை வைத்து முடிக்கட்டும், இல்லையென்றால் ஆய்வேட்டைக் கைவிடட்டும் என்கிறது பல்கலைக்கழக அலுவலகம். ஆங்கிலத்தில் வைத்துப் பார்த்தால் அதில் மிஞ்சுவது என்ன?

நான் மேடையில் அழுகிறவன் அல்ல. ஆனாலும் அடுத்த அறை பூட்டிக் கிடப்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

எனக்கு மலாய் தெரியாது. சாப்பாடு வாங்கத் தெரியும், அவ்வளவுதான். மலாய் இலக்கியம் கற்பிக்கும் நண்பர் ஸைஃபுக்குத் தமிழ் தெரியாது. இரண்டு அரைகுறைகள் சேர்ந்தால் ஒரு கமலா ஆகிவிடுமா? ஆகாது. ஆனாலும் இருவரும் சேர்ந்தே வழிகாட்டுகிறோம் என்று நேற்று எழுதிக் கொடுத்துவிட்டோம். இந்த ஆய்வேடு இரண்டு மூலங்களையும் வைத்தே முடியும். இது இந்த அவையில் நான் தரும் உறுதி.

ரிஸ்வான், செவ்வாய்க்கிழமை வாருங்கள். எங்களை நம்பி வராதீர்கள், திருத்துவதற்கு வாருங்கள். எங்கள் கட்டடத்தில் இரண்டையும் படிக்கத் தெரிந்தவர் இனி நீங்கள் ஒருவர்தான்.