தூங்கிப்போன பிணம்

ஞாயிறு மாலை. கலைப் பூங்கா நிறுத்தத்தில் அல்சூர் போகும் பேருந்துக்காக நின்றிருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். இளையவளின் முகத்தில் மேடைப் பவுடர் இன்னும் சரியாக அழியவில்லை.

"பொணமாப் படுத்திருந்தப்பதாங்க்கா இந்த வாரத்துல நல்லாத் தூங்கினேன்" என்றாள் அவள்.

பூங்காவின் திறந்தவெளி மேடையில் அன்று ஒரு நாடகம். செத்துப்போன மகளாக இவளும், தாயாக மூத்தவளும் நடித்திருந்தார்கள் என்று பேச்சிலிருந்து புரிந்தது.

"ஹெப்பகோடி ஃபேக்டரியில நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு காலையில நேரா ரிகர்சலுக்கு வந்தேன். டைரக்டர் சார் என்னை நாடகத்துலேருந்து எடுத்துடுவாரா?"

"தெரியலம்மா. கோவமாத்தான் இருக்காரு."

"பொணம் எழுந்து ஊரப் பாத்து ஒரு கேள்வி கேக்கணும். அந்த ஒரு டயலாக்குக்காகத்தான் இத்தன நாள் ரிகர்சல் வந்தேன். நீங்களாவது எழுப்பியிருக்கலாம்."

"குனிஞ்சு பாத்தேன். வாயத் தொறந்து தூங்கிட்டிருந்தே. மனசு வரல."

"அப்புறம் என்ன பண்ணீங்க?"

"ஒப்பாரிய முதல்லேருந்து திரும்பப் பாடினேன். ஸ்வல்ப நேரம் தூங்கட்டும்னு."

"ஜனங்க ஒண்ணும் சொல்லலையா?"

"அவங்களுக்கு என்ன தெரியும்? நாடகமே அப்படித்தான்னு உக்காந்திருந்தாங்க."

மூத்தவள் பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"நீ கண்ணு முழிச்சு, 'ஏங்க்கா அழறீங்க'ன்னு கேட்டே பாரு. அது டயலாக்கே இல்ல. அதுக்கப்புறந்தான் எனக்கு நெஜமா அழுகை வந்துச்சு."