ஜெனரேட்டர் வர்ற வரைக்கும்

இல்ல உஸ்தா, மெயின் சுவிட்ச் பெட்டிய மூடாதீங்க. ஒயர் எல்லாம் பழசு, மாத்திடலாம்னு சொல்றீங்க, சரி. நான் கேட்டது அது இல்லையே. ரெண்டு மெயினும் இறக்கிட்டீங்கல்ல? அரசாங்கக் கரன்ட்டோடது, அது போனா தெருவுக்கெல்லாம் ஒருத்தன் காசுக்கு ஓட்டறானே, அந்த ஜெனரேட்டரோடது. ரெண்டுமே? இப்ப பின் ரூம்ல விசிறி மாட்டுற எடத்துல டெஸ்டர் வச்சுப் பாருங்க.

எரியல. ம். எரியாதுன்னு தெரியும். இப்ப தெருவுக்கே கரன்ட் இல்லையே.

உக்காருங்க. ஜெனரேட்டர் போடட்டும், அப்புறம் மறுபடி பார்க்கணும். டீ குடிங்க. பிளாஸ்க்ல கொண்டாந்தேன், ஏலக்காய் போட்டது. இங்க அடுப்பு வைக்கல இன்னும். சிரிங்க, பரவாயில்ல. மெயின இறக்கின வீட்டுல கரன்ட் எங்கேருந்து வரும், ஜின் பூதம் தூக்கிட்டு வருமான்னு உங்களுக்கு முன்னால வந்த ஆளும் கேட்டார். கேட்டுட்டு, டீயக் குடிச்சுட்டுப் போயிட்டார். அதனாலதான் வெளியூர் உஸ்தா, தொழில் தெரிஞ்ச மேஸ்திரி ஒருத்தர் வேணும்னு உங்கள அமாராவுலேர்ந்து வரச் சொன்னேன். பஸ்ராவுல இருக்கற எலக்ட்ரீஷியன் எல்லாருக்கும் இந்த வீட்டுக் கதை தெரியும். தெரிஞ்சவங்க பார்க்க மாட்டாங்க, வாசல்லயே முடிவு சொல்லிடுவாங்க.

கதையா? சர்மத்னு ஒரு எலக்ட்ரீஷியன். உங்க வயசுதான் இருக்கும். பின் ரூம்ல விசிறி மாட்ட வந்தவர், ஷாக் அடிச்சு ஏணியிலேயே போயிட்டார். மெயின இறக்க மறந்துட்டார்னு வீட்டுக்காரர் ஜப்பார் சொன்னார். எல்லாரும் அதையே சொன்னாங்க. எதிர் வீட்டு ரொட்டிக்காரி ஒருத்திதான், ஓடிவந்தப்ப ரெண்டு சுவிட்சும் கீழ இருந்துச்சுன்னு சொன்னா. பொம்பள பேச்சு, யார் கேக்கறா. ஜப்பார் அப்புறம் ஒருத்தரையும் உள்ள விடல. பூட்டிட்டு வெளிநாட்டுல மகன்கிட்ட போயிட்டார். சாவு விழுந்த வீடுன்னு யாரும் கிட்ட வரல. நாங்க வாங்கினோம்.

பக்கத்து வீடு ஜப்பாரோட தம்பியோடது. அப்பா செத்ததும், இருந்த ஒரு வீட்ட நடுவுல சுவர் வச்சு ரெண்டாக்கிக்கிட்டாங்க. எல்லாரும் செய்யறதுதானே. இந்தப் பின் ரூம் பழைய கூடத்தோட பாதி, மீதி தம்பி வீட்டுப் பக்கம். சுவர் எழுப்பினாங்க, பூசினாங்க, தனித்தனியா கதவு போட்டாங்க. மேல கூரைக்குள்ள ஓடற ஒயர என்ன பண்ணினாங்க? அதத்தான் உங்ககிட்ட கேக்கறேன்.

கேக்குதா? போட்டுட்டான். ஏறுங்க. மெதுவா. கையக் கொண்டு போகாதீங்க, டெஸ்டர் மட்டும்.

எரியுதா?

நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. இறங்கி வந்து நம்ம பெட்டியையும் ஒரு தடவ பார்த்துடுங்க. ரெண்டும் கீழதானே இருக்கு? ம்.

அப்ப தம்பி வீட்டு லைன்லேர்ந்து வருது. இந்த மாதிரி ஊருக்கே கரன்ட் இல்லாத நேரமாத்தான் இருந்திருக்கும். டெஸ்டர் வச்சுப் பார்த்துட்டு, எரியலன்னுதான் ஏறியிருப்பார். நீங்களா இருந்தாலும் ஏறியிருப்பீங்க. ஏறின பின்னால ஜெனரேட்டர் போட்டிருக்கான்.

இல்ல, அழல. உங்க டீ ஆறிடுச்சு, வேற ஊத்தறேன்.

ஒயரா? மாத்த வேண்டாம் உஸ்தா. குடியிருக்க வாங்கல. எனக்கு ஒண்ணே ஒண்ணு செய்யணும் நீங்க. வாசல்ல வண்டியில ஒருத்தர் உக்காந்திருக்கார்ல, என் வீட்டுக்காரர். பேரீச்சந்தோப்ப வித்து இத வாங்கிக் குடுத்தார், உள்ள மட்டும் வர மாட்டேங்கறார். சர்மத் எப்பவும் அப்படித்தான், ஸ்கூலுக்குப் போறப்பவே வாசல் கேட்டத் திறந்து போட்டுட்டுப் போவான், மறதிக்காரப் பயன்னு சொல்லிக்கிட்டே இருப்பார். சொல்லிட்டு எந்திரிச்சுப் போய் கேட்டச் சாத்துவார். அது சாத்தித்தான் இருக்கும்.

நான் சொன்னா, பெத்தவ அப்படித்தான் பேசுவாம்பார். நீங்க வெளியூர் ஆள். நீங்க போய்ச் சொல்லுங்க, உங்க மகன் ரெண்டையும் இறக்கித்தான் வச்சிருந்தான்னு. வலது பக்கமா நின்னு சொல்லுங்க. ஜெனரேட்டர் ஓடறப்ப இடது காது அவருக்குச் சரியாக் கேக்காது.