பழைய பேட்டரிக்குப் புது உயிர்

அந்த ஃபோனக் கொஞ்சம் கீழ வைங்கக்கா. காலையிலேருந்து பாக்கறேன். உள்ள உங்க வீட்டுக்காரருக்குக் கட்டு மாத்தறாங்க, நீங்க இந்த ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்து முன்னபின்ன தெரியாதவன் எழுதறதயெல்லாம் படிச்சுப் படிச்சு அழறீங்க.

நானா? எனக்கு இங்க யாரும் படுத்துக் கெடக்கலக்கா. சொல்றேன்.

அவனுங்களுக்கு என்ன? ஸ்கூட்டர் பேட்டரி வெடிச்சது உங்க வீட்டுல. இன்னிக்கு அத வித்த கடைக்காரனத் தூக்குல போடுங்கறான். போன மாசம் இதே ஆளுங்கதான் அந்தக் கடை வீடியோவுக்குக் கீழ கையெடுத்துக் கும்பிட்டாங்க. குப்பைக்குப் போற பேட்டரியத் திரும்ப ஓட வைக்கறாரு, பூமியக் காப்பாத்தறாருன்னு. சுழற்சிப் பொருளாதாரம்னு ஒருத்தர் எழுதினாரு பாருங்க, எங்க முதலாளி அத அன்னிக்கே போர்டுல எழுத வச்சிட்டாரு. பழசு பழசுதானேன்னு ஒரே ஒரு மெக்கானிக் கேட்டாரு. அவர அத்தன பேரும் சேந்து கிழிச்சுத் தொங்கவிட்டாங்க.

ஆமாக்கா, எங்க முதலாளின்னுதான் சொன்னேன். அங்கதான் வேல பாத்தேன். எந்திரிக்காதீங்க. ஆளக் கூப்பிடணும்னா அப்புறமாக் கூப்பிடுங்க, நான் எங்கயும் ஓடல.

சோதிக்கற மெஷின் கெட்டுப்போயி மூணு வாரம். கையால தொட்டுப் பாரு, சூடு இல்லேன்னா சோதிச்சாச்சுன்னு ஸ்டிக்கர ஒட்டுன்னாரு முதலாளி. ரெண்டு மூணு பேட்டரி வயிறு உப்பியிருந்துச்சு. கொண்டுபோயிக் காட்டினேன். அவரு ஃபோனத் திருப்பிக் காட்டறாரு. நாப்பதாயிரம் பேரு நல்லாருக்குங்கறான், உனக்கு மட்டும் என்னம்மா சந்தேகம்ங்கறாரு. எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. அத்தன பேருமா தப்பாச் சொல்லுவாங்க? அதுக்கும் ஸ்டிக்கர ஒட்டிட்டேன்.

இல்லக்கா, அதெல்லாம் போலீஸ்ல எழுதிக் குடுத்தாச்சு. அதச் சொல்ல வரல.

கடையோட ஆன்லைன் பக்கத்துல வர்ற கேள்விக்குப் பதில் போடறதும் என் வேலதான். ஒரு நாளைக்கு முந்நூறு வரும். எதையும் படிக்கறதில்ல, கை பாட்டுக்கு அடிக்கும். நேத்துதான் ஒண்ணொண்ணாத் தேடிப் பாத்தேன். எங்களுது ஒரே ரூம் வீடு, ராத்திரி உள்ளயே வச்சு சார்ஜ் போடலாமான்னு ஒருத்தங்க கேட்டிருந்தாங்க. பேருக்குப் பக்கத்துல சின்னதா ஒரு படம். நீங்களும் அவரும்.

தாராளமாப் போடுங்கக்கான்னு எழுதினது நான்தான்.

சாப்பிட்டுக்கிட்டே எழுதினேன்.